எர்த்து பின்னாடி இல்ல தம்பி

"அப்பா, கார்ல கொசு இருக்கு"ன்னு பொண்ணு சொன்னப்ப நான் நிஜமாவே கொசுன்னு நெனச்சு கண்ணாடிய இறக்கி விட்டேன். ராத்திரி ஒம்பது மணி, சென்னை மத்திய கைலாஷ் சிக்னல், முன்னாடி நாப்பது வண்டி, பாட்டு வால்யூம் கம்மியா ஓடுது. கண்ணாடிய இறக்கியும் கொசு போகல. சிக்னல் விழுந்து ஆக்சிலேட்டர மிதிச்சதும் கொசுவும் கூடவே சுருதி ஏத்துச்சு, கியர் மாத்த கால எடுத்தப்ப இறங்குச்சு, மறுபடி ஏறுச்சு. அப்பதான் உறைச்சுது, இது கொசு இல்ல, முந்தாநாள் முப்பதாயிரத்துச் சில்லற குடுத்து நானே வாங்கி உள்ள விட்டது.

வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டீசல் ஹேட்ச்பேக், பத்து வயசு. டிக்கில ஒரு வூஃபர், அதாவது பேஸ் அடிக்குற பெரிய ஸ்பீக்கர், அதுக்கு 500 வாட் ஆர்எம்எஸ் மோனோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), நாலு கதவு ஸ்பீக்கருக்கு ஒரு சின்ன நாலு சேனல் ஆம்ப். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு கடையில மாட்டினது. கடைப் பையன் வேகமாத்தான் வேலை பாத்தான், ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டு "பேஸ் பாருங்க சார்"னு தட்டிக் காட்டுனான், நானும் டிக்கி மூடி அதிர்றதப் பாத்துட்டு சந்தோஷமா கெளம்பி வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சுப் பாத்தா ஆம்போட எர்த் ஒயர (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புற ஒயர், கார்ல பாடித் தகரமே அந்தத் திரும்புற வழி) பின் சீட் பெல்ட் போல்ட்ல சுத்தி முறுக்கி விட்டிருக்கான். ஒயர் நுனில அழுத்தி மாட்டுற வளையம், திம்பிள், அது கூட இல்ல. அந்த போல்ட்டச் சுத்தி பெயிண்ட் அப்படியே பளபளன்னு இருக்கு, மரையில கழண்டுடக் கூடாதுன்னு கம்பெனில போட்ட பசை வேற. பெயிண்டுங்கறது கரண்ட்டுக்கு சுவர் மாதிரி. அதுக்கும் மேல, அந்த போல்ட் இருக்குறது ஆள் உயிரப் புடிக்க, அத கழட்டி நடுவுல ஒயரச் சொருகி திரும்ப ஏதோ ஒரு டைட்ல விடுறத நான் ஒத்துக்கவே மாட்டேன், யாரு என்ன சொன்னாலும் சரி.

அடுத்த நாள் நானே எடம் மாத்துனேன். ஸ்டெப்னி இருக்குற குழிக்குப் பக்கத்துல ஒரு ரூபா காசு அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேச்சு வெள்ளித் தகரம் தெரியற வரைக்கும் சொறண்டி, ஓட்ட போட்டு, திம்பிள், ஸ்டார் வாஷர், போல்ட், நட், அப்புறம் மேல கிரீஸ். ஓட்ட போடுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்து அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் போட்டேன். இத சும்மா சொல்லல, முக்காவாசி ஹேட்ச்பேக்ல பின் சீட்டுக்கு நேர் கீழ டேங்க் இருக்கு, நம்மாளுங்க மேலேர்ந்தே டிரில்ல வெச்சு அழுத்துறத கண்ணால பாத்திருக்கேன்.

கொசு பாதியா கொறஞ்சுது. போகல. ஹெட்லைட் போட்டுட்டு பாட்டு வெச்சா ஒவ்வொரு அடிக்கும் லைட் மினுக் மினுக்குன்னு மங்கறதும் அப்படியே இருந்துச்சு.

இந்த எடத்துலதான் என் ஃப்ரெண்டு உள்ள வர்றான். இவன் ஒரு கட்சி. "மச்சி, பாடி எர்த்தெல்லாம் ஏமாத்து வேலை, இரும்பு காப்பர் மாதிரி கடத்துமா சொல்லு? பேட்டரி மைனஸ்லேர்ந்து நேரா ஒரு தனி கேபிள் இழு, அவ்ளோதான் விஷயம்"னு. கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. பிளஸ்ஸுக்கு முன்னாடிலேர்ந்து கேபிள் இழுக்குறோம், மைனஸ மட்டும் ஏன் தகரத்துகிட்ட ஒப்படைக்கணும்? ப்ளஸ் டூ பிசிக்ஸ் படிச்ச எவனும் தலையாட்டுவான், நானும் ஆட்டினேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் 4 கேஜ் கேபிள் 5 மீட்டர் வாங்கினேன், மீட்டர் நானூறு ரூபா. வாங்குறப்ப ஒண்ணு கத்துக்கிட்டேன். மொதல்ல ஒருத்தர் காட்டுன கேபிள் வெரல் தண்டி இருந்துச்சு, வெல பாதி. நுனிய பிளேடால கீறிப் பாத்தா மேல செப்பு நிறம், உள்ள வெள்ள. அலுமினியத்துக்கு செப்பு முலாம். அதோட ரெசிஸ்டன்ஸ் சுத்தச் செம்பு மாதிரி ஒண்ணரை மடங்குக்கும் மேல. அது போதாதுன்னு தோல் தடிமனா கம்பி ஒல்லியா, பொங்கலுக்கு வாங்குற கரும்புல கணுவா வந்து மாட்டுன கதைதான்.

ஞாயித்துக்கெழம காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த வேலதான். கதவோரம் இருக்குற பிளாஸ்டிக் படியெல்லாம் கழட்டி, கார்பெட்ட தூக்கி, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகரத்துல ரப்பர் குரோமெட் வழியா கேபிள நுழைச்சு, கையெல்லாம் கீறல். பிளாஸ்டிக் கிளிப் நாலு ஒடஞ்சுது. வீட்ல "என்னங்க, காருக்கு ஆபரேஷன் பண்றீங்களா?"ன்னு ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. ஆறு மணிக்கு பேட்டரி மைனஸ்ல ஒரு முனை, ரெண்டு ஆம்போட எர்த்லயும் இன்னொரு முனை, டிக்கில நான் தேச்சு வெச்ச பாடி எர்த்த கழட்டியாச்சு. சாவியத் திருப்பினேன்.

கொசு வண்டு ஆயிருந்துச்சு.

நெசமாத்தான் சொல்றேன், முன்ன விட மோசம். ஹெட்லைட் போட்டா சத்தம் ஏறுது, ஏசி ஃபேன நாலுல வெச்சா இன்னும் ஏறுது, பின் கண்ணாடி ஹீட்டர் போட்டா கேக்கவே வேணாம். பேஸ் என்னவோ முன்ன விட இறுக்கமா வந்துச்சு, லைட் மங்கறதும் கொறஞ்சுது, அதனால கேபிள் வேலை செய்யலன்னும் சொல்ல முடியல. ஃப்ரெண்டுக்கு ஃபோன் போட்டா "ஸ்டீரியோவோட எர்த்துக்கும் தனி கேபிள் இழு மச்சி"ங்கறான். அப்புறம் வைப்பருக்கும் இழுப்போமா?

புதுப்பேட்டைல ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்காரு, கடைக்கு போர்டு கூட கெடையாது. அறுவது வயசு இருக்கும். வண்டியக் கொண்டு போய் நிறுத்திட்டு கதையெல்லாம் சொன்னேன், இரும்போட ரெசிஸ்டிவிட்டி அது இதுன்னு கொஞ்சம் அறிவாளித்தனமாவே சொல்லிட்டேன்னு இப்ப தோணுது. அவரு ஒண்ணும் சொல்லல. பீடிய அணைச்சுட்டு, "வண்டிய ஸ்டார்ட்ல விடு, லைட்டு ஃபேன் எல்லாம் போடு, பாட்ட நிறுத்தி வால்யூம மட்டும் ஏத்து"ன்னாரு. வண்டு பாடுது. டயர் மேல தொங்கிட்டிருந்த பழைய ஜம்பர் கேபிள எடுத்தாரு, ஒரு கிளிப்ப பேட்டரி மைனஸ்ல மாட்டுனாரு, இன்னொரு கிளிப்ப முன் சஸ்பென்ஷன் மேல பானட்டுக்குள்ள தெரியுற போல்ட்ல கடிக்க விட்டாரு.

வண்டு நின்னுடுச்சு. கிளிப்ப எடுத்தாரு, பாடுச்சு. மாட்டுனாரு, நின்னுச்சு. மூணு தடவ செஞ்சு காட்டிட்டு, "எர்த்து பின்னாடி இல்ல தம்பி, முன்னாடி இருக்கு"ன்னாரு.

பேட்டரிய தூக்கிப் பாத்தா தெரிஞ்சுது. மைனஸ் டெர்மினல்லேர்ந்து ரெண்டு ஒயர் கெளம்பும், தடிமனானது கியர் பாக்ஸுக்குப் போகும், அது ஸ்டார்ட்டர் மோட்டாருக்காக. ஒல்லியான இன்னொண்ணு பேட்டரி தட்டுக்குக் கீழ பாடில ஒரே ஒரு 10-ம் நம்பர் போல்ட்ல உக்காந்திருக்கும். லைட்டு, ஃபேன், ஹார்ன், ஸ்டீரியோ எல்லாத்தோட கரண்ட்டும் பாடி வழியா வந்து முக்காவாசி அந்த ஒத்த போல்ட்லதான் பேட்டரிக்குத் திரும்பணும். அந்த ஒயர் நுனி திம்பிள் பூத்துப் போய் பச்சையும் வெள்ளையுமா சுண்ணாம்பு அப்புன மாதிரி இருந்துச்சு. ஆசிட் ஆவி, பத்து வருஷ மழை, நம்ம ஊரு கடக்காத்து. இன்ஜின்லேர்ந்து பாடிக்கு வர்ற பின்னல் பட்டைய தொட்டுப் பாத்தேன், பாதி இழை அறுந்து கையோட வந்துச்சு.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர எடுத்தேன். இத நான் மொத நாளே செஞ்சிருக்கணும். இங்க ஓம்ல வெச்சு அளக்குறது வேஸ்ட், ஏன்னா மீட்டரோட ரெண்டு ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும், நாம தேடுறது அதுல ஒரு இருவதுல ஒரு பங்கு. அதுக்கு பதில் டிசி வோல்ட்ல வெச்சு, கரண்ட் ஓடிட்டிருக்கும்போது ஒரு முனைய பேட்டரி மைனஸ் போஸ்ட்லயும் இன்னொரு முனைய பாடில வெறும் இரும்பு தெரியற எடத்துலயும் வெச்சுப் பாக்கணும். ரெண்டும் ஒரே மைனஸ்னா பூஜ்யத்த ஒட்டி வரணும். எனக்கு ஹெட்லைட், ஃபேன், கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டப்ப 0.35 வோல்ட் வந்துச்சு. மொத்தம் ஒரு 30 ஆம்பியர் இருக்கும், அப்படின்னா அந்த ஜாயிண்ட் கிட்டத்தட்ட 12 மில்லி ஓம்.

12 மில்லி ஓம் என்ன பெரிய விஷயமான்னு கேப்பீங்க. என் கிளாஸ் டி ஆம்ப் 500 வாட் குடுக்க, 80 சதவீதம் எஃபிஷியன்சின்னு வெச்சாலும் 625 வாட் இழுக்கணும், 13.8 வோல்ட்ல அது 45 ஆம்பியர். அந்த 45 ஆம்பியர் 12 மில்லி ஓம் வழியாப் போனா அரை வோல்ட்டுக்கு மேல அங்கயே காலி. லைட் ஏன் மினுக்குச்சுன்னு இப்ப தெரியுதா, லைட்டும் அதே போல்ட்லதானே திரும்புது, வூஃபர் ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் லைட்டோட பங்கையும் சேத்துப் புடுங்கிடுச்சு.

சரி, இரும்பு? ஃப்ரெண்டு சொன்னது தப்பில்ல, ஒரே தடிமன்ல ஒரே நீளத்துல எடுத்தா கார் தகர இரும்பு செம்ப விட எட்டுலேர்ந்து பத்து மடங்கு மோசம்தான். ஆனா ஒரே தடிமன் எங்க இருக்கு? காரோட தரைத் தகடு 0.7 மில்லிமீட்டர்னு வெச்சுக்கோங்க, அகலம் 1.2 மீட்டர். குறுக்கு வெட்டுப் பரப்பு 840 சதுர மில்லிமீட்டர். இத பத்தால வகுத்தாலும் 84 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு சமம். நான் கையெல்லாம் கீறி இழுத்த 4 கேஜ் கேபிள் 21. கூரை, பக்கச் சட்டம், கதவுக்குக் கீழ ஓடுற பெட்டிச் சட்டம் இதெல்லாம் கணக்குலயே இன்னும் சேக்கல. கேபிள் 5 மீட்டருக்கு 4 மில்லி ஓம், பாடி முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் போட்டாலும் ஒரு மில்லி ஓம் பக்கத்துலதான் வருது. கரண்ட் ஒத்த போல்ட் வழியா நுழையணுமே, அங்க நெரிசல் ஆகாதான்னு எனக்கும் சந்தேகம் வந்து கணக்கு போட்டேன், தண்ணி தொட்டிய விட்டு வெளிய பரவுற மாதிரி உடனே நாலா பக்கமும் விரிஞ்சுடுது, அதுக்கு மில்லி ஓம்ல ஆறுல ஒரு பங்கு கூட ஆகல. அந்த போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் இல்லாம இருந்தா.

அப்புறம் கேபிள் போட்டதும் சத்தம் ஏன் கூடுச்சு? இதுதான் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் கெடுத்த விஷயம். தனி கேபிள் இழுத்துட்டா ஆம்புக்கும் பாடிக்கும் உறவு முடிஞ்சுதுன்னு நாம நெனக்கிறோம், முடியல. டேஷ்போர்டுல இருக்குற ஸ்டீரியோ பாடில எர்த் ஆகியிருக்கு. அதுலேர்ந்து பாட்டு சிக்னல கொண்டு போற ஆர்சிஏ ஒயர் ஆம்புக்குப் போகுது, ஆர்சிஏ-ல வெளிப் பின்னல் இருக்கே அதுவும் எர்த்துதான். மொதல்ல ரெண்டு பேரும் பாடிலயே நின்னாங்க, பாடி மொத்தமா 0.35 வோல்ட் மேல மெதந்தாலும் ரெண்டு பேரும் சேந்து மெதந்தாங்க, ஒரே படகு. நான் என்ன பண்ணேன், ஆம்ப மட்டும் எறக்கி பேட்டரி மைனஸ்ங்கற கரைல நிக்க வெச்சேன், ஸ்டீரியோ படகுலயே இருக்கு, நடுவுல ஆர்சிஏ பின்னல்தான் பலகை. படகு ஆடுற ஆட்டமெல்லாம் அந்தப் பலகை வழியா ஆம்போட இன்புட்ல நுழைஞ்சுது. 0.35 வோல்ட் டிசி காதுல கேக்காது, அது மேல சவாரி பண்ற ஆல்டர்னேட்டர் ரிப்பிள்தான் கேக்கும், அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோட வோல்ட்டேஜ்ல வர்ற சின்ன மேடு பள்ளம். பாட்டோட சிக்னல் சத்தம் கொறச்சு வெச்சா மில்லிவோல்ட் கணக்குலதான் வருது, அது பக்கத்துல ஒரு அஞ்சு மில்லிவோல்ட் அழுக்கு போதும். சில ஆம்ப்ல இன்புட் எர்த்த தனியா பிரிச்சு வெச்சிருப்பாங்க, அதுல இவ்ளோ தொந்தரவு இருக்காது. என்னோடது அந்த ஜாதி இல்ல.

சுருதி கணக்கும் சரியா வருது. ஆல்டர்னேட்டர் பொதுவா 12 போல் (காந்த முனை), மூணு ஃபேஸ், ஆறு டையோடு, ஒரு சுத்துக்கு 36 மேடு பள்ளம். இன்ஜின் 800 ஆர்பிஎம்ல சும்மா நிக்கும்போது புல்லி விகிதம் ரெண்டரைன்னா ஆல்டர்னேட்டர் 2000, அதாவது நொடிக்கு 33 சுத்து, 1200 ஹெர்ட்ஸ். இன்ஜின 2000-க்கு ஏத்துனா 3000 ஹெர்ட்ஸ், மனுஷக் காது ரொம்ப கூர்மையா இருக்குற எடத்துலயே வந்து உக்காருது. நிஜ கொசு 400லேர்ந்து 600 ஹெர்ட்ஸ்லதான் பாடும், இது அத விட ரெண்டு மடங்குக்கு மேல. பொண்ணுகிட்ட சொன்னேன், அவ கண்டுக்கல.

அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு, அதுக்கப்புறம்தான் எனக்கு பயமே வந்துச்சு. பேட்டரிலேர்ந்து பாடிக்கு வர்ற ஒயரும் இன்ஜின் பட்டையும் ரெண்டுமே ஒரு நாள் முழுசா விட்டுப் போச்சுன்னு வை, வண்டில ஓடுற கரண்ட்டெல்லாம் வீட்டுக்குப் போக வழி தேடும், அப்ப தெறந்திருக்குற ஒரே வழி ஸ்டீரியோ, ஆர்சிஏ, ஆம்ப், நீ போட்ட புதுக் கேபிள். முடி மாதிரி இருக்குற அந்தப் பின்னல்ல 30 ஆம்பியர். கார்பெட்டுக்கு அடியில உருகும். "பிளஸ்ல ஃபியூஸ் போட்டிருக்கேனே அண்ணே"ன்னேன். "அது போற வழிக்கு தம்பி"ன்னாரு.

வேலை ஒரு மணி நேரம்தான். போல்ட்டக் கழட்டி, சுடுதண்ணில சமையல் சோடா கரைச்சு ஊத்திக் கழுவி, உப்புத்தாள் போட்டு, அப்புறம் என்னோட அருமையான 5 மீட்டர் கேபிள உள்ளேர்ந்து உருவி எடுத்து வெட்டுனேன். அரை மீட்டர் பேட்டரி மைனஸ்லேர்ந்து பாடிக்கு. முக்கா மீட்டர் இன்ஜின்லேர்ந்து பாடிக்கு. நாப்பது சென்டிமீட்டர் ஆம்ப்லேர்ந்து டிக்கில மொதல்ல தேச்சு வெச்ச அதே போல்ட்டுக்கு. வெட்டும்போது வயிறு எரிஞ்சுதுதான்.

அளந்தேன். எல்லா லைட்டும் போட்டு பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் நடுவுல 0.04. அப்புறம் எல்லாத்தையும் அணைச்சுட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண ஆம்ப் முழு பவர்ல ஓட விட்டு, பேட்டரி மைனஸ்லேர்ந்து ஆம்போட எர்த் ஸ்க்ரூ வரைக்கும் மொத்தமா 0.13 வோல்ட். தனி கேபிள் இருந்தப்ப இதே அளவு 0.21. டோன் ஓடுன பத்து நொடில மாடிலேர்ந்து அசோசியேஷன் செக்ரட்டரி எட்டிப் பாத்துட்டாரு, ரெண்டாவது தடவ அளக்கல. கொசு சுத்தமா இல்ல. வால்யூம முழுசா ஏத்தி பாட்ட நிறுத்துனா ஸ்ஸ்னு மெல்லிசா ஒரு காத்து, அது எல்லா ஆம்ப்லயும் இருக்குறது.

தனி கேபிளே வேணாம்னு சொல்ல வரல. ஃபைபர் பாடி, மோட்டார் படகு இதுக்கெல்லாம் வேற வழியே இல்ல. பொலேரோ மாதிரி லேடர் ஃபிரேம் வண்டில, அதாவது அடியில ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டம் இருக்குற வண்டில, பாடி ரப்பர் புஷ் மேல உக்காந்திருக்கு, ஃபிரேம்ல எர்த் குடுத்தா ஃபிரேமுக்கும் பாடிக்கும் தடியா ஒரு பட்டை போட்டே ஆகணும். 2000, 3000 வாட் வெக்கிறவங்க பாடியும் கேபிளும் ரெண்டும் போடுவாங்க, போடட்டும். ஆனா கேபிள் போட்டாலும் முன்னாடி ஜாயிண்ட் சுத்தமா இருக்கணும், ஜாயிண்ட் சுத்தமா இருந்தா என்ன மாதிரி 500 வாட்காரனுக்கு கேபிள் தேவையே இல்ல.

ஃப்ரெண்டுகிட்ட அளவெல்லாம் அனுப்புனேன். நம்பல. அவன் வண்டி புதுசு, ஸ்டார்ட் ஸ்டாப் உள்ளது, அதுல பேட்டரி மைனஸ் போஸ்ட் மேலயே ஒரு சின்ன சென்சார் உக்காந்திருக்கும், பேட்டரிக்குள்ள எவ்ளோ போகுது வருதுன்னு எண்ணிட்டே இருக்கும். இவன் ஆம்ப் கேபிள நேரா போஸ்ட்ல, சென்சார தாண்டி மாட்டியிருக்கான், ஆம்ப் குடிக்குற கரண்ட் அதோட கணக்குலயே வராது. சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடில மாட்டுடான்னேன். "மச்சி, போன வாரத்துலேர்ந்து சிக்னல்ல இன்ஜின் தானா ஆஃப் ஆகறதே இல்ல, எனக்கு அந்த எழவு பிடிக்கவே பிடிக்காது, அப்படியே இருக்கட்டும்"ங்கறான்.

மிச்சம் மூணே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்குற கேபிள பரண்ல சுருட்டி வெச்சிருக்கேன். நேத்து ஃபோன் பண்ணி அதையும் கேட்டான்.